ஒலி விழாத இடம்

ஐந்தாவது ஆளை முதலில் கவனித்தவன் ரியாஸ்தான். தமயந்தி மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு ஒலிக்கூடத்துக்குள் நுழைந்தபோது, அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டான்.

“மேடம், இந்த பேண்ட்ல மொத்தம் எத்தன பேரு?”

“நாலு. கிடார், ஆர்கன், பேஸ், டிரம்ஸ். ஏன்?”

“ரூம்ல அஞ்சு பேர் இருக்காங்களே.”

திரையில் ஒரு பெரிய கூடத்தின் வரைபடம் தெரிந்தது, கூரையிலிருந்து கீழே பார்ப்பதுபோல. வட்டமாக நான்கு ஆரஞ்சுப் புள்ளிகள். அவை நான்கு வாத்தியக்காரர்கள். வட்டத்தின் நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு கறை.

“மைக் ஸ்டாண்டா இருக்கும்,” என்றாள் தமயந்தி.

“ஸ்டாண்ட் நகராதே.”

ரியாஸ் பாட்டை ஓடவிட்டான். ஆர்கன் தொடங்கியதும் கறை லேசாக இடது பக்கம் திரும்பியது. டிரம்ஸ் சேர்ந்துகொள்ளும் இடத்தில் வலது பக்கம் திரும்பி ஓர் அடி முன்னே போனது. தமயந்தி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

அவர்கள் பயன்படுத்திய மென்பொருளுக்கு எழுத்தும் எண்ணும் கலந்த நீளமான பெயர் ஒன்று உண்டு. சாலிகிராமத்து ஒலிக்கூடங்களில் யாரும் அதைச் சொல்வதில்லை. அவிழ்ப்பான் என்றால்தான் தெரியும். பழைய பதிவு எதைக் கொடுத்தாலும் அதிலுள்ள ஒவ்வொரு ஓசையையும் தனித்தனியே அவிழ்த்துக் கொடுத்துவிடும். சுவர்களில் பட்டுத் திரும்பிய எதிரொலியை வைத்து, எந்த ஓசை அறையின் எந்த இடத்திலிருந்து புறப்பட்டது என்று ஒரு சாண் பிசகாமல் சொல்லும். பிறகு முப்பத்திரண்டு ஸ்பீக்கர்கள் சூழ்ந்த ஒலிக்கூடத்தில் அந்தப் பழைய அறையையே திரும்பக் கட்டிவிடலாம். போய் அதன் உள்ளே உட்கார்ந்துகொள்ளலாம்.

வந்த நான்கு வருடங்களில் அது நிறைய மகிழ்ச்சியையும் கொஞ்சம் வம்பையும் கொண்டுவந்திருந்தது. யாரோ வீட்டுக் கல்யாண கேசட்டிலிருந்து, சமையல்கட்டில் இருவர் பேசிய பேச்சு தனியே பிரிந்து வந்து, விஷயம் கோர்ட் வரைக்கும் போனது. ஒரு பழைய நாடகப் பதிவில், பெரிய நடிகர் ஒருவருக்கு வரிக்கு வரி வசனம் எடுத்துக்கொடுத்த குரல் யாருடையது என்று அவர் இறந்து முப்பது வருடம் கழித்துத் தெரியவந்தது. அவிழ்ப்பான் பொய் சொல்வதில்லை. சிலருக்கு அதுதான் பிரச்சினை.

ஆனால் வாயே திறக்காத ஓர் ஆளை அது பிடித்துக் கொடுத்து தமயந்தி பார்த்ததில்லை.

“சத்தமே போடாதவங்கள எப்படிப்பா கண்டுபிடிக்கும்?”

“சத்தம் போடல மேடம். ஆனா மத்தவங்க சத்தத்த வாங்கிட்டிருக்காங்க. காலி ரூம்ல கை தட்டினா ஒரு மாதிரி கேக்கும். நடுவுல ஒருத்தர நிக்க வெச்சுத் தட்டினா வேற மாதிரி கேக்கும். உடம்பு, துணி எல்லாம் கொஞ்சம் சத்தத்தக் குடிச்சிடும். அங்க எதிரொலி குறையும். நாலு வாத்தியத்தோட எதிரொலியும் ஒரே இடத்துல குறையுதுன்னா, அங்க யாரோ நிக்கறாங்க.”

“நிழல் மாதிரி.”

“அதேதான். உயரம் கூட சொல்லுது. அஞ்சடிக்கு ஒரு விரல் கம்மி. கை ரெண்டும் மேல போய்ப் போய் வருது.”

 அந்த நான்கு பேரில் ஐந்தரை அடிக்குக் குறைந்தவர் யாரும் இல்லை என்பது தமயந்திக்குத் தெரியும்.

அந்த பேண்டின் பெயர் நாலாம் பிளாட்பாரம். பெரம்பூர் ரயில்வே குடியிருப்புப் பையன்கள் நான்கு பேர் சேர்ந்து ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தைந்தில் ஒரே ஒரு இசைத்தட்டு போட்டார்கள். ‘மூச்சுக் கணக்கு’ என்று பெயர். பக்கத்துக்கு ஒரே பாட்டு, மொத்தம் நாற்பத்தோரு நிமிடம். ஏழு, பதினொன்று, பதின்மூன்று என்று தாளம் மாறிக்கொண்டே போகும். வரிகள் என்று எதுவும் கிடையாது. கிடார் வாசித்த ஆல்வின் தேவசகாயம் எண்களை மட்டும் பாடுவார். ஒண்ணு, ரெண்டு, மூணு. சில சமயம் ஆறோடு நிற்பார். சில சமயம் பன்னிரண்டு வரை போய், பதின்மூன்றைச் சொல்லலாமா வேண்டாமா என்று தயங்குவதுபோல் நிறுத்தி, பிறகு சொல்வார். அந்த ஒரு ‘பதிமூணு’வைக் கேட்டு அழுதவர்கள் உண்டு. தமயந்தியும் அழுதிருக்கிறாள், இருபது வயதில், மின்சார ரயிலில், ஹெட்போனோடு.

ரயில்வே இன்ஸ்டிட்யூட்டின் நடனக் கூடத்தில், மரத் தரையில், இரண்டே மைக் வைத்து ஒரே மூச்சில் பதிவு செய்தது. வந்தபோது யாரும் சீண்டவில்லை. பத்து வருடம் கழித்து ஒரு கல்லூரி விடுதியிலிருந்து இன்னொரு கல்லூரி விடுதிக்கு கேசட்டாகப் பரவி, பிறகு ஜப்பானிலும் ஜெர்மனியிலும்கூட அதற்கு ரசிகர்கள் உண்டானார்கள். ஆல்வின் பெரிய ஆள் ஆனார். ஆனால் அதற்குப்பின் அவர் ஒரு பாட்டுகூடப் போடவில்லை. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்று, கேட்டவர்களிடமெல்லாம் சிரித்து மழுப்பி, எழுபதைத் தாண்டி இறந்துபோனார். அவர் மனைவியும் போய்விட்டதால் இப்போது உரிமை மகள் ஷீபாவிடம் இருந்தது. கொளத்தூரில் பல் மருத்துவர். அந்தத் தட்டைத் தமயந்தி புதிதாக ரீமிக்ஸ் செய்து வெளியிட அனுமதி கொடுத்தபோது அவள் சொன்னது தமயந்திக்கு ஆச்சரியமாக இருந்தது.

“தாராளமா பண்ணுங்க. ஆனா நான் அத முழுசா கேட்டதே இல்ல. எங்க வீட்ல அந்தத் தட்டு ஒரு துக்கம் மாதிரி.”

ரியாஸ் கறையைச் சுற்றி ஒரு கோடு போட்டான்.

“என்ன பண்ணலாம் மேடம்? இத நிரப்பிடலாம். ஒரு நிமிஷ வேலை. யாருமே நிக்காத மாதிரி ரூம் சுத்தமாயிடும். நாம துடைக்கலன்னா அடுத்த வருஷம் எவனாவது வீட்ல உக்காந்து கண்டுபிடிப்பான்.”

“இரு. நான் அங்க போய் உக்காந்து பாக்கறேன்.”

“எங்க?”

“அவங்க நிக்கற இடத்துல.”

அதுவரை அவர்கள், மைக் இருந்த இடத்தையே கேட்பவரின் இடமாக வைத்து மிக்ஸ் செய்துகொண்டிருந்தார்கள். அதுதான் வழக்கம். ரியாஸ் கேட்கும் புள்ளியைப் பிடித்து இழுத்து, சாம்பல் கறையின் மேல் கொண்டுபோய் வைத்தான். தமயந்தி ஒலிக்கூடத்தின் நடு நாற்காலியில் போய் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

இந்த இசைத்தட்டில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு குறை உண்டு. வாத்தியங்கள் ஒன்றோடொன்று சரியாகச் சேராது. கிடார் ஒரு மயிரிழை முந்தும், டிரம்ஸ் ஒரு மயிரிழை பிந்தும். ரசிகர்கள் இதற்குத் ‘தள்ளாட்டம்’ என்று செல்லப்பெயர் வைத்து, அதுதான் அழகு என்று கட்டுரைகள் எழுதினார்கள். தமயந்தியும் அப்படித்தான் நம்பியிருந்தாள்.

ஆர்கனின் முதல் ஸ்வரம் அவளுடைய முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. தரையோடு தவழ்ந்து வந்து கால் வழியாக ஏறுவதுபோன்ற அடிநாதம். இடது தோளுக்கு அப்பால் பேஸ் ஏழு எண்ண ஆரம்பித்தது. வலப்பக்கம் டிரம்ஸ், முதல் அடியை வேண்டுமென்றே விட்டுவிட்டு இரண்டாவதில் சேர்ந்தது. பிறகு நேர் எதிரே ஆல்வினின் கிடார். தேவாலயப் பாட்டுக்கும் தாலாட்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கும் அந்த மெட்டு, பத்தடி தூரத்தில் ஒரு மனிதன் நின்று அவளைப் பார்த்து வாசிப்பதுபோல.

ஏழு முடிந்து பதினொன்று வந்தது. நாலு பேரும் ஒரே அடியில் திரும்பினார்கள். தமயந்தி கண்ணைத் திறந்துவிட்டாள்.

தள்ளாட்டம் இல்லை. மயிரிழைகூட இல்லை. பதினொன்றிலிருந்து பதின்மூன்றுக்கு, பதின்மூன்றிலிருந்து மறுபடி ஏழுக்கு, நான்கு திசையிலிருந்தும் நான்கு ஓசைகள் புறப்பட்டு அவளிடம் ஒரே கணத்தில் வந்து சேர்ந்தன. இருபது வருடமாகக் கலங்கிய தண்ணீரில் பார்த்துக்கொண்டிருந்த ஒன்றை யாரோ தெளியவைத்துக் காட்டியது போலிருந்தது. எவ்வளவு பெரிய கட்டடம் அது, எத்தனை துல்லியம், எவ்வளவு பொறுமை. ஆல்வின் எண்களைப் பாட ஆரம்பித்தபோது ஒவ்வோர் எண்ணுக்கும் பின்னால் ஆர்கன் ஒரு படி இறங்குவது அவளுக்கு முதன்முறையாகக் கேட்டது. இரண்டாம் பக்கத்தில் பதினேழாவது நிமிடம், கிடார் ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும் இடத்தில், மற்ற மூன்று பேரும் மூச்சை நிறுத்திக் காத்திருப்பதுகூடக் கேட்டது.

முடிந்தபோது ரியாஸ் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எழுந்து நின்றுகொண்டிருந்தான். அவனும் கேட்டிருந்தான்.

“நாலு பேரும் அவங்க கையப் பாத்து வாசிச்சிருக்காங்க,” என்றாள் தமயந்தி. “எல்லாரும் அவங்ககிட்டேர்ந்து ஒரே தூரம். அதனால அவங்களுக்கு மட்டும் எல்லாம் சேர்ந்து போகும். மைக் ஓரத்துல இருந்துச்சு, அதுக்கு முன்ன பின்ன போயிடுச்சு. தள்ளாட்டமெல்லாம் ஒண்ணும் இல்ல. நாமதான் தப்பான இடத்துல உக்காந்திருந்தோம்.”

ஷீபாவிடம் கேட்டபோது அவளுக்கு எதுவும் தெரியவில்லை. பதிவின்போது எடுத்த ஒரே புகைப்படத்தில் நான்கு பேர்தான் இருந்தார்கள். ஆனால் டிரம்ஸ் வாசித்த ரூபன் டிக்ரூஸ் ஆஸ்திரேலியாவில், பெர்த் நகரில் உயிரோடு இருந்தார். எண்பத்து நாலு வயது. ஷீபா ஒலிக்கூடத்துக்கு வந்து, தமயந்தியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவருக்கு வீடியோ கால் போட்டாள்.

“அங்கிள், ரெக்கார்டிங் அன்னிக்கு நடுவுல நின்னு கை காட்டினது யாரு?”

ரூபன் போனை முகத்துக்கு அருகே கொண்டுவந்தார். 

“போட்டோல விழாம பாத்துக்கிட்டோம்,” என்றார். “எப்படிமா தெரிஞ்சுது?”

ஷீபா சொன்னாள்.

“சத்தம் குடிச்ச இடமா.” அவர் தலையை ஆட்டிக்கொண்டார். “நாங்க பைபிள்ல கை வெச்சு சொல்லக் கூடாதுன்னு சொன்னது. நான் சொல்ல மாட்டேன். போத்தனூர்ல உங்க அத்தை இருக்காள்ல, அவகிட்ட போய்க் கேளு. அதுக்கு மேல என்னக் கேக்காத.”

ஷீபா போனைக் கீழே வைத்தாள். “பியூலா அத்தையா? அவங்களுக்குக் காது கேக்காதே,” என்றாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை, கணக்கு ஒத்துவராத குழப்பம்தான்.

பியூலா ஆல்வினுக்கு மூன்று வயது மூத்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இருபது வயதில் பெரம்பூர் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தவர். பிறகு காசநோய் வந்து, காது போய், போத்தனூரில் ஓர் அச்சகத்தில் வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டார். ஷீபாவுக்கு அத்தையைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான்.

மறுவாரம் காலை ரயிலில் இரண்டு பேரும் கோயம்புத்தூர் புறப்பட்டார்கள். காட்பாடி தாண்டியதும் ஷீபா தானாகவே பேச ஆரம்பித்தாள்.

“எங்கப்பா ஏன் ரெண்டாவது தட்டு போடலன்னு உங்களுக்குத் தெரியுமே, படிச்சிருப்பீங்க.”

தமயந்தி படித்திருந்தாள். ரசிகர்கள் எல்லோரும் படித்திருந்தார்கள். ஆல்வினின் கல்யாணத்தோடு அவர் இசை முடிந்துவிட்டது, மனைவி கனகம் கிடாரைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டார் என்பதுதான் எல்லாக் கட்டுரைகளிலும் வந்த கதை.

“ஒரு பத்திரிகைல ‘மேதைக்கு மாட்டிய விலங்கு’ன்னு தலைப்புப் போட்டு அம்மாவோட கல்யாண போட்டோவப் போட்டாங்க. நான் அப்ப பிளஸ் டூ. ஆட்டோகிராப் கேட்டு வர்றவங்க அம்மா குடுக்கற காபியக் குடிச்சிட்டு அம்மாவ மொறைச்சுப் பாத்துட்டுப் போவாங்க. அம்மா ஒரு தடவை கூட பதில் சொன்னதில்ல. நானே ஒரு நாள் கேட்டுட்டேன், நீதான் அப்பாவ நிறுத்தினியான்னு. அதுக்கும் பதில் சொல்லல. மாவு அரைச்சிட்டிருந்தாங்க, அரைச்சிட்டே இருந்தாங்க.”

கோயம்புத்தூரில் இறங்கி, பக்கத்திலிருந்த போத்தனூருக்கு ஆட்டோ பிடித்தார்கள்.

போத்தனூரில் பியூலாவின் வீடு ரயில் பாதையை ஒட்டிய தெருவில் இருந்தது. எண்பத்தேழு வயதில் மெலிந்து, முதுகு நிமிர்ந்து, கதவைத் திறந்தவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ரூபன் மெசேஜ் போட்டான். மன்னிப்புக் கேட்டு நாலு பக்கம்,” என்றார். தன் குரலைத் தானே கேட்க முடியாதவர்களின் ஏற்ற இறக்கமில்லாத பேச்சு. “உள்ள வாங்க. பொறுமையா பேசுங்க, இல்லாட்டி போன்ல காட்டுங்க.”

தமயந்தி தன் போனை மேஜையில் நிறுத்திவைத்தாள். பேசப் பேச அதில் எழுத்து ஓடியது. பியூலா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். அவிழ்ப்பான், எதிரொலி, நிழல் எல்லாவற்றையும் தமயந்தி சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை.

“அப்ப நான் அந்தத் தட்டுல இருக்கேன்,” என்றார்.

“ஆமாம்மா. அத எழுதினது நீங்கதானா?”

“நான்தான்.” இதைச் சொல்ல அவர் கொஞ்சமும் தயங்கவில்லை. “ஆஸ்பத்திரில ஒன்றரை வருஷம் இருந்தேன். தினம் ஊசி. நுரையீரல் பொழச்சுது, காது போச்சு. அந்தக் காலத்து ஊசி அப்படி. உயிரோட வந்ததே பெரிசு. வார்டுல காலைல டாக்டர் வந்து மூச்ச இழுத்துப் பிடிச்சு எண்ணச் சொல்வார். ஒருத்தி ஏழு வரைக்கும் போவா. ஒருத்தி பதினொண்ணு. என் பக்கத்துக் கட்டில் பொண்ணுக்குப் பதிமூணு. அவ பேர் தவமணி. ஒவ்வொரு நாளும் பன்னெண்டுலயே நின்னுடுவாளோன்னு எல்லாரும் பாத்துட்டிருப்போம். எனக்குக் காது மங்கிட்டே வந்துச்சு. முழுசா போறதுக்குள்ள முடிச்சிடணும்னு எழுதினேன்.”

 உலகம் முழுவதும் அந்த எண்களுக்கு எத்தனையோ விளக்கம் எழுதியிருந்தார்கள். கிரகங்கள், யுகங்கள், சித்தர்கள்.

“பேர் ஏன் போடல?” என்று தமயந்தி கேட்டாள்.

“போட்டா பாட்டப் பத்தி யாரு பேசுவா? காது கேக்காத பொண்ணு எழுதினதுன்னுதான் பேசுவாங்க. பாவம்னு கை தட்டுவாங்க. எனக்கு அந்தக் கைதட்டலும் கேக்காது.” பியூலா லேசாகச் சிரித்தார். “ஆல்வின் ஒத்துக்கவே இல்ல. சண்ட போட்டான். நான்தான் அவன சத்தியம் பண்ண வெச்சேன்.”

 ஷீபா போனைத் தன் பக்கம் இழுத்தாள்.

“அத்தை, அப்பாவ எல்லாரும் கேட்டுக் கேட்டே வதைச்சாங்க. அது உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும். சொல்லுவான். சிரிச்சிட்டே சொல்லுவான்.”

“அம்மாவ என்ன சொன்னாங்கன்னு தெரியுமா?”

பியூலா அந்த எழுத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். தெரியாது என்பது முகத்திலேயே இருந்தது. ஷீபா தன் கைப்பையிலிருந்து டேப்லெட்டை எடுத்து, ஏதோ தேடி, அந்தப் பழைய பத்திரிகைப் பக்கத்தைப் பெரிதாக்கி அவர் முன் வைத்தாள். தலைப்பு, கல்யாணப் படம், இரண்டு பத்திக் கட்டுரை. பியூலா ஒரு வரி விடாமல் படித்தார். படித்து முடித்துத் தேதியைப் பார்த்தார். தொண்ணூற்றொன்பது.

“அந்த வருஷம் கிறிஸ்மசுக்குக் கூட கனகம் வந்திருந்தாளே,” என்றார். “பத்து நாள் இருந்தா. எனக்கு முறுக்குப் பிழிஞ்சு குடுத்தா. ஒரு வார்த்த சொல்லலையே.”

“அவங்களுக்கு என்ன தெரியும் பாவம். அப்பா சொல்லியிருக்க மாட்டாரே.”

பியூலா அதை இரண்டு தடவை படித்தார்.

“தெரியும் ஷீபா. கல்யாணத்துக்கு முன்னாடியே கனகத்துக்குத் தெரியும். பொண்டாட்டி ஆகப்போறவகிட்ட மறைக்க மாட்டேன்னு ஆல்வின் எங்கிட்ட கேட்டுட்டுத்தான் சொன்னான். அவ நேரா எங்கிட்ட வந்து என் கையப் பிடிச்சுக்கிட்டா. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் அண்ணின்னு மெதுவா, எனக்குப் புரியற மாதிரி வாயசைச்சுச் சொன்னா.”

வீட்டுக்கு வெளியே ஒரு சரக்கு ரயில் போனது. அது முழுவதும் கடந்து போகும்வரை ஷீபா தலை குனிந்தபடி இருந்தாள். தமயந்தி எழுந்து ஜன்னல் பக்கம் போனாள், அவர்களைத் தனியே விடுவதற்காக. திரும்பிப் பார்த்தபோது பியூலா ஷீபாவின் தலைமேல் கை வைத்திருந்தார். ஷீபா அந்தக் கையைத் தட்டிவிடவும் இல்லை, பிடித்துக்கொள்ளவும் இல்லை.

“ரெண்டாவது ஒண்ணு ஏன் எழுதல அத்தை?” என்று ஷீபா கேட்டாள். அழுதிருந்ததால் குரல் உடைந்திருந்தது. எழுத்தில் அது தெரியாது. “எழுதியிருந்தா இவ்ளோவும் நடந்திருக்காதே.”

“எழுதத்தான் பாத்தேன். காது போனப்புறமும் ரெண்டு மூணு வருஷம் மண்டைக்குள்ள சத்தம் இருந்துச்சு. அப்புறம் ஒண்ணொண்ணா போக ஆரம்பிச்சுது. முதல்ல வயலின் எப்படி இருக்கும்னு மறந்து போச்சு. அப்புறம் கிடார். அப்புறம் ஆல்வின் குரலு. ஆர்கன ரொம்ப நாள் பிடிச்சு வெச்சிருந்தேன். ஒரு நாள் காலைல எந்திரிச்சுப் பாத்தா அதுவும் இல்ல. தவமணியோட இருமல் மட்டும் இன்னமும் இருக்கு. இருமல வெச்சு என்னத்த எழுதறது.”

புறப்படும்போது தமயந்தி கேட்க வேண்டியதைக் கேட்டாள். அந்த நிழலைத் துடைத்துவிடலாம். துடைத்தால் இன்னும் சில மாதங்களுக்காவது ரகசியம் ரகசியமாக இருக்கும். விட்டுவைத்தால் வெளிவந்த அன்றே எல்லோரும் கேட்பார்கள். எது வேண்டும்?

“நான் வந்து பாத்துட்டுச் சொல்றேன்,” என்றார் பியூலா.

பத்து நாள் கழித்து ஷீபாவின் கையைப் பிடித்துக்கொண்டு அவர் சாலிகிராமத்துக்கு வந்தார். ரியாஸ் அவருக்காகப் பெரிய திரை ஒன்றைக் கூடத்தின் நடுவில் வைத்திருந்தான். நடு நாற்காலியில் உட்காரச் சொன்னபோது அவர் மறுத்துவிட்டு ஷீபாவை அதில் உட்காரவைத்தார். தான் ஓரமாக, திரையும் ஷீபாவின் முகமும் தெரிகிற இடத்தில் உட்கார்ந்தார்.

ஷீபா முதன்முறையாக ‘மூச்சுக் கணக்கு’ முழுவதையும் கேட்டாள். பியூலா திரையில் தன் இருபத்தைந்து வயது நிழல் கையை வீசுவதைப் பார்த்தார். சில இடங்களில் அவருடைய விரல்கள் மடியில் அசைந்தன. இரண்டாம் பக்கம் பதினேழாவது நிமிடத்தில், நிழலின் கை திடீரென்று நின்றது. பியூலா ரியாஸைப் பார்த்து நிறுத்தச் சொல்லிச் சைகை காட்டினார்.

“இங்க எனக்கு எண்ணிக்கை தப்பிப்போச்சு,” என்றார். “பதிமூணுல எங்க இருக்கேன்னு தெரியல. நாலு பேரும் என் கையவே பாத்துட்டிருக்காங்க. எனக்கு எதுவும் கேக்காது. அவ்ளோதான், எல்லாம் போச்சுன்னு நெனச்சேன். இங்க என்ன சத்தம் வருது?”

“கிடார் மட்டும்,” என்றாள் தமயந்தி. “ஒரே ஸ்வரம். பத்து செகண்டுக்கு மேல பிடிச்சுக்கிட்டே நிக்கும். தட்டுலயே ரொம்பப் பேருக்குப் பிடிச்ச இடம் அதுதான்.”

“அது நான் எழுதல. அந்த இடத்துல அப்படி ஒண்ணு கிடையாது. என் மூஞ்சியப் பாத்தான் ஆல்வின். பாத்துட்டு அத வாசிச்சிட்டே, தலைய ஆட்டி ஆட்டி எனக்கு எண்ணிக் குடுத்தான். பத்து, பதினொண்ணு, பன்னெண்டு. அப்புறம் நான் கையத் தூக்கினேன்.” அவர் ஷீபாவிடம் திரும்பினார். “உங்கப்பன் எழுதினது இது ஒண்ணுதான். ஆனா இதத்தான் எல்லாருக்கும் பிடிக்குதாம்.”

ஷீபா சிரித்தாள். நடு நாற்காலியில் உட்கார்ந்தபடி, கன்னத்தைத் துடைத்துக்கொண்டே, ரியாஸிடம் அந்த இடத்தை மறுபடி போடச் சொன்னாள். நான்கு தடவை கேட்டாள். பிறகு மீதியையும் கேட்டு முடித்தாள்.

“இருக்கட்டும்,” என்றார் பியூலா புறப்படும்போது. “துடைக்க வேண்டாம். பேரும் போட்டுக்குங்க. எப்படிப் போடணும்னு நான் எழுதி அனுப்பறேன்.”

மூன்று நாள் கழித்து தமயந்தியின் போனுக்கு ஒரு படம் வந்தது. கோடு போட்ட தாளில், சாய்வில்லாத கையெழுத்து. இசை: பியூலா தேவசகாயம். கிடார், குரல், இரண்டாம் பக்கத்தில் பன்னிரண்டு நொடி இசை: ஆல்வின் தேவசகாயம். அதன்கீழ் மற்ற மூவர். எண்ணக் கற்றுக்கொடுத்தவர்: தவமணி. எல்லாவற்றுக்கும் கீழே, தனியாக ஒரு வரியில், கனகம் ஆல்வின் என்ற பெயர் மட்டும். எதிரே என்ன செய்தார் என்று ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

தமயந்தி ஷீபாவைக் கூப்பிட்டாள். “அம்மா பேருக்கு எதிர்ல ஏதாவது போடணுமா?”

“அத்தை என்ன எழுதியிருக்காங்களோ அப்படியே போடுங்க,” என்றாள் ஷீபா.

கேட்பவரின் இடத்தைக் கூடத்தின் நடுவில் வைத்து ரீமிக்ஸ் வெளிவந்தது. தள்ளாட்டம் போய்விட்டது என்று சிலர் வருத்தப்பட்டார்கள். மற்றவர்கள், நாற்பத்தோரு நிமிடமும் அசையாமல் உட்கார்ந்திருந்ததாக எழுதினார்கள். பியூலாவைத் தேடிப் போத்தனூருக்குப் போனவர்களிடம் அவர் தாளத்தைப் பற்றி மட்டும் பேசினார். காதைப் பற்றிக் கேட்டவர்களுக்கு போன் சரியாக எழுத்துக் காட்டவில்லை என்று சொல்லிவிட்டார்.

இரண்டாவது மாதம் ரியாஸ் ஒரு செய்தியை தமயந்திக்குக் காட்டினான். ஒசாகாவில் ரசிகர்கள் சிலர் சேர்ந்து, கனகம் என்ன வாசித்தார் என்று கண்டுபிடிக்க முயன்றிருந்தார்கள். அவிழ்ப்பானை வைத்து அந்தக் கூடத்தின் ஒவ்வொரு மூலையையும் அலசியிருந்தார்கள். கதவருகே, மேடைக்குப் பின்னால், மாடிப்படிக்குக் கீழே. ஆறாவது ஆள் எங்குமே கிடைக்கவில்லை என்று எழுதி, குடும்பத்தாரிடம் விளக்கம் கேட்டிருந்தார்கள்.

தமயந்தி அதை ஷீபாவுக்கு அனுப்பினாள். கிளினிக்கில் வேலை முடிந்த இடைவெளியில் ஷீபாவிடமிருந்து பதில் வந்தது.

“நல்லாத் தேடச் சொல்லுங்க. அன்னிக்கு எங்கம்மா திசையன்விளைல பத்தாங்கிளாஸ் பரீட்சை எழுதிட்டிருந்தாங்க.”